அம்மாவின் வளையலை வைத்து லென்ஸ் வாங்கலாமா?

பெங்களூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 27. கோலார் தங்கவயல் குடும்பம். இப்போது அம்மாவுடன் அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறார். மூன்று வருடமாக ஒரு ஸ்டூடியோவுக்காகக் கல்யாணங்களில் காண்டிட் படம் (போஸ் கொடுக்காத இயல்பான படம்) எடுக்கிறார். கையில் இருப்பவை: செகண்ட் ஹேண்டில் வாங்கிய சோனி ஏ7-3 கேமரா பாடி, அதோடு வந்த 28-70 கிட் லென்ஸ், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. (மி.மீ. எண், அதாவது ஃபோக்கல் லெங்த், கூடினால் தூரத்தில் இருப்பது கிட்டத் தெரியும்; எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்.) மணப்பெண் அறைக்குள் அனேகமாக இவரைத்தான் விடுவார்களாம். அவ்வப்போது சர்ச் கல்யாணமும் வருகிறது. ஆவணியில் சொந்தமாகவும் சில கல்யாணங்கள் பேசி வைத்திருக்கிறார்.

“ஸ்டூடியோ ஓனர் 70-200 எஃப் 2.8 லென்ஸை வாங்கித் தருகிறேன் என்கிறார். மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வாராம். பதிலுக்கு இரண்டு வருடம் அவருக்கு மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். அம்மாவோ, யாருக்கும் கட்டுப்பட வேண்டாம், என் வளையலை அடகு வை என்கிறார். மும்பையில் ஒருவர் அதே லென்ஸைப் பில் இல்லாமல் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். 70-200 இல்லாமல் மண்டபத்துக்குப் போனால் வீடியோ எடுக்கிறவர்கூட மதிப்பதில்லை. 85 எஃப் 1.4 வாங்கினால் பின்னணி அழகாகக் கரையும் என்ற ஆசையும் இருக்கிறது. எல்இடி சுவர் வைத்த மேடைகளில் படத்தில் கோடு கோடாக விழுகிறது. டாம்ரான், சிக்மா எல்லாம் டூப்ளிகேட் மாதிரிதான் என்று ஸ்டூடியோவில் சொல்கிறார்கள். நான் எதை வாங்குவது?” இதுதான் அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

வளையல் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 70-200 அருமையான லென்ஸ்தான், ஆனால் உங்களுடைய வேலைக்கு அடுத்து வாங்க வேண்டியது அது இல்லை. கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே இதைச் சொல்ல முடிகிறது.

நிற்கிற இடத்தைப் பொறுத்துத்தான் லென்ஸ்

தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டிமேளம் என்று ஐயர் கை காட்டியதும் அதுவரை நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிடுவார்கள். நாத்தனார் பெண்ணுக்குப் பின்னால் வந்து நிற்பாள். மாமா, சித்தப்பா, செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்த பிள்ளைகள் என்று மணவறையைச் சுற்றி ஆள் அடைத்துவிடும். மேடைக்குக் கீழே இருபதடி தள்ளி 70-200 வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அப்போது கிடைப்பது முதுகுகள்தான். படம் எடுப்பவர் ஹோமகுண்டத்துக்கு இந்தப் பக்கம், மணமக்களிடமிருந்து ஆறடிக்குள், முட்டி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உங்களுடையது போன்ற ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் ஆறடி தூரத்தில் ஏறத்தாழ ஆறடி அகலத்தைப் பிடிக்கும். மாப்பிள்ளையின் கை, பெண்ணின் குனிந்த முகம், நாத்தனாரின் விரல், பக்கத்தில் கண் கலங்கி நிற்கும் அப்பா என்று எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். அதே இடத்தில் 70 மி.மீ. வைத்தால் மூன்றடிதான் கிடைக்கும், அப்பா போய்விடுவார்.

பெங்களூரில் நமக்குத் தமிழ்க் கல்யாணம் மட்டும் வருவதில்லையே. தெலுங்குக் கல்யாணத்தில் ஜீரகமும் வெல்லமும் ஒருவர் தலையில் ஒருவர் வைக்கும்போது நடுவில் திரை இருக்கும். திரைக்கு இரண்டு பக்கமும் உள்ள முகங்களை ஒரே படத்தில் எடுக்கப் பக்கவாட்டில், மிகக் கிட்டத்தில் நிற்க வேண்டும். கன்னடக்காரர்கள் வீட்டில் தாரை வார்க்கும்போதும் கைகள் கிட்டத்தில்தான் இருக்கின்றன, சுற்றிலும் கூட்டமும் இருக்கிறது.

அப்புறம் மணப்பெண் அறை. பத்தடிக்குப் பத்தடி இருந்தாலே பெரிது. கண்ணாடி முன் பெண், பின்னால் ஜடை தைக்கும் பியூட்டிஷியன், கட்டில் முழுக்கப் பட்டுப்புடவையும் நகைப்பெட்டியும், கதவோரம் எட்டிப் பார்க்கும் பாட்டி. ஒட்டியாணம் மாட்டும்போது பெண் மூச்சை இழுத்துப் பிடித்துச் சிரிக்கிறாளே, அதை எடுக்க ஆண் போட்டோகிராபருக்கு வழியே இல்லை. உங்களுக்கு இருக்கிறது. உங்கள் படங்களை மற்றவர்கள் படங்களிலிருந்து பிரித்துக் காட்டப்போவது அந்த அறைதான். அங்கே 70-200 சுவரில் முட்டும்.

சர்ச் கல்யாணம் வேறு கணக்கு. பல தேவாலயங்களில் பலிபீடத்தருகே போட்டோகிராபரை விடமாட்டார்கள், திருப்பலி நடுவில் அங்கும் இங்கும் நடப்பதையும் விரும்பமாட்டார்கள். மோதிரம் மாற்றுவதைத் தூரத்திலிருந்து எடுக்க 70-200 வேண்டும். அரண்மனை மைதானப் பக்கம் நடக்கும் பெரிய ரிசப்ஷன்களில் மேடை எங்கேயோ இருக்கும், அங்கும் வேண்டும். அந்த நாட்களுக்கு வாடகைக்கு எடுங்கள். பெங்களூரில் லென்ஸ் வாடகைக்குக் கிடைப்பது கஷ்டமே இல்லை. ஒரு வருடத்துக்கு வாடகையை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அது லென்ஸ் விலையில் பாதியைத் தொட்டால் அப்போது சொந்தமாக வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கடந்த சீசனில் ஆல்பத்துக்குத் தேர்வான உங்கள் படங்களை மட்டும் லைட்ரூம் சாஃப்ட்வேரில் போட்டு, மெட்டாடேட்டாவில் (படத்தோடு பதிந்திருக்கும் விவரத்தில்) ஃபோக்கல் லெங்த் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எடுத்த எல்லாப் படங்களையும் போட வேண்டாம், வீட்டார் விரும்பித் தேர்ந்தெடுத்தவை போதும். 28-லும் 35-லும் குவிந்திருந்தால் நீங்கள் கிட்ட நின்று வேலை செய்பவர். 70-ல் முட்டிக்கொண்டு நின்றிருந்தால் இன்னும் நீளம் தேவைப்படுகிறது என்று அர்த்தம், அப்போது நான் சொன்னதை மாற்றிக்கொள்ளலாம்.

எஃப் எண் குறையக் குறைய நல்லதா?

பாதி சரி. உங்கள் கிட் லென்ஸின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. அது 70 மி.மீ.க்குப் போனதும் எஃப் 5.6-க்குக் கீழே இறங்காது. அதிகாலை முகூர்த்தம், மண்டபத்தில் டியூப்லைட், மாலை மாற்றும் கைகள் அசைகின்றன என்று வையுங்கள். ஷட்டர் வேகம் வினாடியில் 200-ல் ஒரு பங்காவது வேண்டும். எஃப் 5.6-ல் அதற்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன், கூடினால் படத்தில் புள்ளி விழும்) 12800 தேவைப்பட்டால், எஃப் 2.8-ல் 3200 போதும். நான்கு மடங்கு வெளிச்சம். பட்டுப்புடவையின் ஜரிகை புள்ளிபுள்ளியாகத் தெரிவதற்கும் இழையிழையாகத் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் இது. எஃப் 1.8-க்குப் போனால் ஐஎஸ்ஓ 1250, 1600 என்று இன்னும் இறங்கிவிடும். கேமரா பாடியில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், மாப்பிள்ளையின் கை அசைவை நிறுத்தாது.

ஆனால் வெளிச்சம் கூடினால் ஃபோக்கஸ் ஆழம் குறையும். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-ல் திறந்து ஆறேழு அடியில் நின்று எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் நாலரை சென்டிமீட்டர்தான். பெண் லேசாகத் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவாக இருக்கும், ஜிமிக்கி கரைந்துவிடும். பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் அந்த ஜிமிக்கிக்காக ஆறு மாதம் சீட்டுக் கட்டிய அம்மா ஆல்பத்தில் அதைத்தான் தேடுவார். நகையோடு முகம் வேண்டும் என்றால் எஃப் 2.8, எஃப் 4 என்று மூடிக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பப் படத்துக்கு எஃப் 5.6, ஒரு ஃபிளாஷ். ஆக, 1.4-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலான நேரம் பயன்படாமலே பையில் கிடக்கும். 85 வேண்டும் என்று மனசு கேட்டால் சோனியின் எஃப் 1.8 பாருங்கள். 371 கிராம்தான், விலையும் வெகுவாகக் குறைவு. அதுவும் அடுத்த வருடம் போதும்.

இன்னொரு நம்பிக்கையையும் திருத்திவிடுகிறேன். 85-ல் முகம் அழகாக வருவதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, நீங்கள் தள்ளி நிற்பதுதான். 35-ஐ வைத்து இரண்டடியில் நின்று எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். அதே 35-ஐ வைத்து ஆறடியில் நின்று, பிறகு படத்தை வெட்டிக்கொண்டால் முகம் இயல்பாகவே இருக்கும். குரூப் படத்தை 28-ல் எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டுக் குண்டாகத் தெரிவார்கள். அத்தைகளை ஓரத்தில் நிறுத்தாமல், நன்றாகப் பின்னால் போய் 40, 50-ல் எடுங்கள்.

எல்இடி சுவர் வைத்த மேடைகளில் படத்தில் கோடு கோடாக விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு லென்ஸை மாற்றிப் பயனில்லை. சைலன்ட் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்துப் பாருங்கள். நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் 50-ல் ஒன்று, 100-ல் ஒன்று என்று வைத்தாலும் சாதாரண மண்டப விளக்குகளில் கோடு குறையும்.

டாம்ரான், சிக்மா டூப்ளிகேட் இல்லை

இப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காசு இல்லாத இளைஞர்கள் இதைக் கேட்டுத்தான் கடனில் விழுகிறார்கள். டாம்ரான் 1950-லும் சிக்மா 1961-லும் ஜப்பானில் தொடங்கிய லென்ஸ் கம்பெனிகள். சோனியே தன் ஈ-மவுன்டின் (கேமராவில் லென்ஸை மாட்டும் அமைப்பின்) அடிப்படை விவரங்களை 2011-ல் மற்ற கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. வேற்றுக் கம்பெனி லென்ஸ்களுக்கு ஒரு வரம்பு உண்டு. சோனியின் வேகமான பாடிகளில் இவற்றை மாட்டினால் வினாடிக்கு 15 படத்துக்கு மேல் போகாது. உங்கள் ஏ7-3 எடுப்பதே வினாடிக்கு 10 என்பதால் அது உங்களைத் தொடாது.

உங்களுக்கு நான் சொல்வது டாம்ரான் 28-75 எஃப் 2.8. முதல் மாடல் 2018-ல் வந்தது, இரண்டாவது ஜி2 2021-ல். ஜி2-வின் எடை 540 கிராம். 28-ல் வைத்தால் 18 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம், மருதாணிக் கையையும் தாலிச் சரட்டையும் எடுக்கத் தனி லென்ஸ் தேட வேண்டாம். பணம் போதாவிட்டால் முதல் மாடலைச் செகண்ட் ஹேண்டில் பாருங்கள், குறை சொல்ல முடியாத லென்ஸ். அதோடு மணப்பெண் அறைக்கு ஒரு 35 எஃப் 1.8. சோனியுடையது 280 கிராம். இரண்டும் சேர்ந்தாலும் அந்த 70-200-ன் விலையை எட்டாது. எடையையும் யோசியுங்கள். சோனி 70-200 முதல் மாடல் 1480 கிராம், இரண்டாவது 1045 கிராம். காலை நாலரை மணி முகூர்த்தத்தில் ஆரம்பித்து ராத்திரி ரிசப்ஷன் வரை தோளில் தொங்கப்போவது அது.

மதிப்பைப் பற்றி எழுதியிருந்தது மனசில் தங்கிவிட்டது. 70-200 மாதிரி வெள்ளை லென்ஸைப் பார்த்து வழி விடுகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அடுத்த கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிடப்போவது அவர்கள் இல்லை. ஆல்பத்தைப் புரட்டும் பெண்ணின் அக்காவோ, சிநேகிதியோதான் கூப்பிடுவார்கள். நீங்கள் தூக்கி வந்த லென்ஸ் என்ன நிறம் என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

கடிதத்தில் நீங்கள் தொடாத ஒரு விஷயம் எனக்குக் கவலை தருகிறது. உங்களிடம் இருப்பது ஒரே பாடி. ஸ்டூடியோ வேலையில் பக்கத்தில் இன்னொரு கேமராக்காரர் இருப்பார். ஆவணியில் நீங்கள் தனியாக ஒப்புக்கொண்ட கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் அது நின்றுபோனால்? திரும்ப ஒரு முறை கட்டச் சொல்ல முடியாதே. தனிக் கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது பாடி ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒன்றில் 28-75, மற்றொன்றில் 35 மாட்டிவிடுங்கள். வாடகையைக் கல்யாண ரேட்டிலேயே சேர்த்துப் பேசுங்கள். உங்கள் பாடியில் இரண்டு கார்டு போட இடம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைத்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

முதலாளியின் யோசனை

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. நல்ல ஆளைத் தக்கவைக்க ஸ்டூடியோக்கள் செய்வதுதான் இது. ஆனால் வாய்ப்பேச்சாக ஒப்புக்கொள்ளக் கூடாது. நான்கு விஷயங்கள் எழுத்தில் வேண்டும்.

பில் யார் பேரில்? அவர் பேரில் என்றால் கடைசித் தவணை வரை லென்ஸ் அவருடையது. நடுவில் விலக நேர்ந்தால் கட்டிய பணம் என்னாகும் என்று எழுதச் சொல்லுங்கள்.

எவ்வளவு பிடிப்பார்? அவர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால், லென்ஸ் விலையில் இருக்கும் 18 சதவீத வரியை அவர் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அப்படிக் கழித்தால் உங்களிடம் பிடிக்கும் தொகையும் அந்த அளவு குறைய வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

உடைந்தால் யார் பொறுப்பு? அவர் வேலையில் இருக்கும்போது கீழே விழுந்தால் ரிப்பேர் செலவு யாருடையது, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?

அவருக்கு மட்டும் என்றால் என்ன? வேலையில் இருக்கும் காலத்தில் வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. விலகிய பிறகும் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்று எழுதினால், 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி அது செல்லாது. உங்கள் ஆவணிக் கல்யாணங்களுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அவற்றுக்கு விலக்கு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். போடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

இதோடு படங்களின் உரிமையும் சேர்ந்திருக்கிறது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, அப்படிச் சொன்னவரே முதல் உரிமையாளர். எடுத்தவர் நான்தானே என்று நீங்களாகவே இன்ஸ்டாகிராமில் போட முடியாது. ஸ்டூடியோவுக்காக எடுத்தவற்றில் சிலவற்றை உங்கள் போர்ட்ஃபோலியோவில் வைக்க ஓனரிடமும் அந்தக் குடும்பத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தனிக் கல்யாணங்களில் அட்வான்ஸ் வாங்கும்போதே அந்த வரியைச் சேர்த்துவிடலாம்.

எனக்குத் தோன்றுவது, இந்த வருடம் அவரிடம் மரியாதையாக மறுத்துவிடலாம். “அண்ணா, சர்ச் வேலைக்கு மட்டும் 70-200 வாடகையை நீங்கள் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் அது லாபம்தான்.

நகைக் கடன் ஏன் வேண்டாம் என்றால், ஆடியிலும் மார்கழியிலும் நமக்கு முகூர்த்தம் கிடையாது. வட்டி மட்டும் அந்த மாதங்களிலும் ஏறிக்கொண்டே போகும். கட்டத் தவறினால் வளையல் ஏலத்துக்குப் போகும். கையிருப்பில் செகண்ட் ஹேண்ட் 28-75, ஆவணி வருமானத்தில் 35 என்று போனால் கடனே தேவைப்படாது.

பில் இல்லாத லென்ஸ்

வேண்டாம். பில்லும் இந்திய வாரன்டியும் இல்லாமல் சர்வீஸ் சென்டருக்குப் போனால் முழுச் செலவும் உங்கள் தலையில். அதைவிட, பாதி விலை என்பதே சந்தேகத்துக்குப் போதுமான காரணம். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் வாங்கியவர் மீதும் வழக்கு வரும். செகண்ட் ஹேண்ட் தவறில்லை. விற்பவரின் பழைய பில்லும், அதில் உள்ள சீரியல் நம்பர் லென்ஸில் இருப்பதோடு ஒத்துப்போவதும் முக்கியம். அபெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். ஒரு நியூஸ் பேப்பரைச் சுவரில் ஒட்டி, எஃப் 2.8-ல் நேராக நின்று எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் எழுத்து கலங்கியிருந்தால் லென்ஸ் எப்போதோ அடிபட்டிருக்கிறது.

இந்த ஆடி மாதத்தில் 28-75-ஐயும் 35-ஐயும் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, தெரிந்தவர் வீட்டு வளைகாப்பிலோ காதுகுத்திலோ பழகிப் பாருங்கள். ஹோமப் புகையில் நெய்ப்பிசுக்கு முன் கண்ணாடியில் படியும், ஹூட் (லென்ஸ் முன் மாட்டும் மறைப்பு) மாட்டாமல் ஹோமத்துக்குப் பக்கத்தில் போக வேண்டாம். வாடகைக் கடையில் லென்ஸைக் கையில் வாங்கியதும் முன் கண்ணாடி, மவுன்ட், ஜூம் வளையம் மூன்றையும் செல்ஃபோனில் படம் எடுத்து, அங்கிருந்து கிளம்பும் முன்பே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது கீறல் யார் போட்டது என்ற பேச்சு வந்தால் அந்தப் படம் போதும்.